இருபது மாடு கழிக்கணும்

இருக்கிற புல் முப்பத்திரண்டு மாட்டுக்குத்தான் காணும். பட்டியில் நின்றது ஐம்பத்திரண்டு.

இந்தக் கணக்கை வெர்லா ஆகஸ்ட் மாதமே போட்டுவிட்டாள். மணல்மேட்டுப் புல் பார்வைக்கு எப்படி இருந்தாலும், ஒரு மாடு ஒரு வருடம் பிழைக்க இத்தனை ஏக்கர் என்று ஓர் அளவு உண்டு. நல்ல மழை வருடத்தில் பதினெட்டு ஏக்கர் போதும். மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்ததில் அது முப்பதுக்கு மேல் ஏறிவிட்டது. அளவுக்கு மேல் நிற்கிற மாடு இந்த வருடப் புல்லோடு நிறுத்தாது, அடுத்த வருடத்து வேரையும் சேர்த்துத் தின்னும். வேர் போனால் மணல் கிளம்பும். கிளம்பிய மணலில் மறுபடி புல் பிடிக்க ஒரு மனித ஆயுள் ஆகும். அதனால் இருபதைக் கழித்தே ஆக வேண்டும். அதில் அவளுக்கும் தம்பி டுவைட்டுக்கும் சண்டையே இல்லை. எந்த இருபது என்பதுதான் கேள்வி.

அக்டோபர் நடுவில் ஒரு புதன்கிழமை காலை, டாக்டர் ஹோல்ம் தன் பழைய வண்டியில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார். வருடத்துக்கு ஒரு முறை சினை பார்க்க வருகிறவர். இறங்கியதும் இடது கையில் தோள்வரைக்கும் நீளுகிற உறையை மாட்டத் தொடங்கினார்.

"போன வருஷத்துக்கு மாடெல்லாம் இளைச்சிருக்கு. வெர்லா, நீயும் இளைச்சிருக்க. இந்தப் பஞ்சத்துலயும் பெருத்த ஜீவன் உன் தம்பி ஒருத்தன்தான் போல."

"கைய மாட்டுக்குள்ள மட்டும் விடுங்க டாக்டர், என் வயித்துல விடாதீங்க" என்றான் டுவைட்.

வேலை நடக்கிற முறை எளிது. பட்டியிலிருந்து ஒரு மாடு மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்று வளைந்து வரும். மாடு நேரே பார்த்தால் மிரளும், வளைவில் அடுத்த மாட்டின் பின்பக்கம் மட்டும் தெரிந்தால் தானாக நடக்கும். சந்தின் முடிவில் இரும்புக் கூண்டு. தலை வெளியே வந்ததும் கழுத்தை இரண்டு கம்பிகள் பிடித்துக்கொள்ளும். டுவைட் பின்னாலிருந்து ஓட்டுவான். டாக்டர் வால்பக்கம். வெர்லா தலைப்பக்கம், கூண்டின் கைப்பிடியும் வண்ண மெழுகுக்கட்டியும் அவளிடம். டுவைட்டின் மனைவி ஜானெல் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவாள். கழிக்கிற மாட்டின் முதுகில் வெர்லா சிவப்புக் கோடு இழுத்தால் அது இடப்பக்கப் பட்டிக்குப் போகும். கோடு இல்லாதது வலப்பக்கம்.

கோடு இழுக்கிற வேலை முப்பது வருடமாக அவளுடையது. அவர்களுடைய அப்பா ஆர்லோ வகுத்த வரிசை ஒன்று உண்டு, அதில் யாரும் கை வைப்பதில்லை. முதலில் சினை பிடிக்காதது. அடுத்து பிந்திச் சினையானது. அப்புறம் பல். அப்புறம் மடி, குளம்பு. கடைசியாகக் குணம். ஓட்டை வாளியில் தண்ணீர் சுமக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். கன்று போடாத மாடு, போட்டாலும் சந்தை நாளுக்குள் வளராத கன்று, புல்லைக் கடிக்க முடியாத வாய், கன்று பிடிக்க முடியாத காம்பு. எந்த ஓட்டை பெரியதோ அதை முதலில் தள்ள வேண்டும். யாருடைய மாடு என்று அந்த வரிசையில் எங்கேயும் கேள்வி இல்லை.

ஆனால் மாடுகள் ஒருவருடையவை அல்ல. மஞ்சள் காதுவில்லை போட்ட நாற்பத்தொன்று டுவைட்டுடையவை. பச்சை வில்லை பதினொன்று வெர்லாவுடையவை.

ஆர்லோ சாகும்போது நிலத்தை உடைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் உடைப்பதில்லை. பாதி நிலத்தில் பாதி மாடு நிற்காது, ஒன்றுமே நிற்காது. நிலம் முழுக்க மகனுக்கு. மகளுக்கு எட்டு மாடு. அந்த எட்டும் அவற்றின் வயிற்று வாரிசுகளும் இந்த மண்ணில் நிற்கிறவரை அவற்றுக்குப் புல் உண்டு, காற்றாலைக்குப் பக்கத்துச் சின்ன வீடு அவளுக்கு உண்டு. வெளியிலிருந்து வாங்கிச் சேர்க்கக் கூடாது. கடைசிப் பச்சை வில்லை வெளியேறுகிற அன்றைக்கு இரண்டும் முடிந்தது. உயிலை வாசித்தபோது வெர்லாவுக்கு நாற்பது வயது. அம்மாவைக் கழுவித் துடைத்துப் பதினோரு வருடம், அப்பாவோடு மாட்டு வேலை இருபது வருடம் ஆகியிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் "ஆர்லோ உனக்கு நல்லாவே பண்ணிட்டான்" என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். மாடு கன்று போட்டுக்கொண்டே இருக்கும், வாரிசுக்கு என்ன குறை? இப்போது ஐம்பத்தேழு வயது.

"விடுங்க" என்றார் டாக்டர்.

முதல் மாடு மஞ்சள். கூண்டு அடித்துச் சாத்தியது. டாக்டரின் கை தோள்வரை உள்ளே போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு எதையோ ஞாபகப்படுத்துகிறவர்போல நின்றார்.

"பூனை!"

ஜானெல் எழுதிக்கொண்டாள். உள்ளே இருக்கிற கரு எவ்வளவு பெரிதோ அதை வைத்துத்தான் பேர். இரண்டு மாதக் கரு சுண்டெலி அளவு. மூன்று மாதமானால் பெருச்சாளி. நாலு தாண்டினால் சின்னப் பூனை. அக்டோபர் நடுவில் பூனை என்றால் அந்த மாடு ஜூனிலேயே சினையாகிவிட்டது, மார்ச்சில் ஈனும். பெருச்சாளி என்றால் ஏப்ரல். சுண்டெலி என்றால் மே மாதம் பாதியில், அதுதான் பிந்தினது. அந்தக் கன்று இலையுதிர்காலச் சந்தைக்குள் மற்றக் கன்றுகளின் முக்கால் எடைகூட வராது.

"பூனை… பூனை… பெருச்சாளி… பூனை… இது வெறும்."

வெறும் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. வெர்லா சிவப்புக் கோட்டை இழுத்தாள். ஏழு வயது தாண்டிய மாடென்றால் வாயையும் பிடித்துப் பார்த்தாள். அதற்குக் கீழே உள்ளவற்றுக்குப் பல் பார்ப்பதில்லை, நேரம் விரயம். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது, கீழ்வரிசையில் எட்டு மட்டும். நாக்கால் புல்லைச் சுருட்டி அந்த எட்டின் மேல் வைத்து அறுத்து இழுக்கும். எட்டும் ஒன்றும் குறையாமல் கடைசேர்ந்து நெருக்கமாக நின்றால் அது திடமான வாய். வயதாக ஆகக் குட்டையாகும், இடைவெளி விடும், ஒன்று உடையும், ஒன்று ஆடும். மணலில் மேய்கிற மாட்டுக்கு இதெல்லாம் சீக்கிரம், ஒவ்வொரு கடியிலும் மணலும் சேர்ந்து அரைபடுகிறது. கட்டை விரலால் கடைவாயைத் திறந்து நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தால் இரண்டு வினாடியில் எல்லாம் தெரியும். டுவைட்டுக்கு இது தெரியாது. கற்றுக்கொள்ள நேரமில்லை என்பான். உண்மையில் எச்சில் அருவருப்பு.

பதினைந்தாவதாக முதல் பச்சை வில்லை வந்தது.

டாக்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் தேடினார். "வெறும்" என்றார்.

இரண்டு மஞ்சள் பூனை. அடுத்தும் பச்சை. "வெறும்."

அதற்கடுத்த பச்சை வந்தபோது டாக்டர் கையை உள்ளே வைத்தபடியே கூண்டைச் சுற்றித் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "சுண்டெலி. ஆனா நான் பெருச்சாளின்னு சொன்னா இங்க யாருக்கும் வித்தியாசம் தெரியப்போறதில்ல, வெர்லா."

பின்னால் டுவைட் விசிலடித்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எலிய எலின்னே சொல்லுங்க டாக்டர்."

"உன் இஷ்டம். சுண்டெலி!"

அவள் கோட்டை இழுத்தாள். சரியாக, முதுகெலும்பின் மேல், மற்ற மாடுகளுக்கு இழுத்த அதே நீளத்துக்கு.

ஏன் இப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பசுவுக்குச் சினைக்காலம் ஒன்பது மாதமும் பத்து நாளும். வருடத்தில் மிச்சம் எண்பது சொச்சம் நாள். ஈன்றபின் கருப்பை சுருங்கி ஆற ஐம்பது நாள் ஓடிவிடும். பிறகு இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஆக, அடுத்த வருடமும் அதே தேதியில் ஈன வேண்டும் என்றால் அதற்குக் கிடைக்கிற வாய்ப்பு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தவறவிட்டால் அடுத்த ஈத்து மூன்று வாரம் தள்ளும். தள்ளி ஈன்ற மாடு ஆறுவதற்குள் காளை வந்து போய்விடும். இந்த வருடம் பிந்தினது அடுத்த வருடம் இன்னும் பிந்தும், அதற்கடுத்த வருடம் வெறும். கீழிறங்கும் படி ஒவ்வொன்றும் முந்தின படியிலேயே கட்டப்பட்டிருக்கிறது.

அவர்களிடம் இருப்பது ஒரே காளை. ஜூன் முதல் தேதி பள்ளத்துப் புல்வெளியில் மாடுகளோடு விடுவார்கள். ஆகஸ்ட் பாதியில் பிரித்துவிடுவார்கள். மழை பொய்த்த முதல் வருடம், ஜூனில் பள்ளத்துப் புல் ஐம்பத்திரண்டைத் தாங்காது என்று தெரிந்தது. ஒரு பத்துப் பன்னிரண்டு மாடு ஒரு மாதம் வடக்கு மேட்டில் நிற்க வேண்டும். அங்கே காற்றாலை இறைக்கிற தண்ணீரும் அவ்வளவுக்குத்தான் போதும். டுவைட் வேலிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்னோடத அனுப்பிடலாம், ஒரு மாசம்தான்" என்று அவளே சொன்னாள். காளை இரண்டு இடத்தில் நிற்காது. ஜூலை முதல் தேதி பச்சை வில்லைகள் பள்ளத்துக்கு இறங்கி வந்தபோது, காளையோடு அவற்றுக்கு மிச்சம் இருந்தது நாற்பத்தைந்து நாள். மஞ்சளுக்கு எழுபத்தைந்து.

அடுத்த வருடம் ஜூன் வந்ததும் டுவைட் ஒன்றும் கேட்காமல் பச்சை வில்லைகளை வடக்கே ஓட்டினான். மூன்றாம் வருடமும். மணல்மேட்டு ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு. ஒரு முறை தானாகக் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது அவர்களுக்குத் திருடுவதைவிட அவமானம். எதிராளி தானாகக் கவனித்துத் திருப்பித் தருவான் என்று காத்திருப்பார்கள். அவன் கவனிக்க மாட்டான். வாய் திறந்து கேட்டிருந்தால் டுவைட் "அட, ஆமாக்கா" என்று கட்டாயம் மாற்றியிருப்பான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. கணக்கு முழுக்கத் தெரிந்தவள், அடுத்த இரண்டு ஜூனிலும் வாயை மூடிக்கொண்டு வடக்கு மேட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் கையுறையை உரித்துப் போட்டு, குழாயடியில் கழுவிக்கொண்டு, அடுத்த பண்ணைக்குக் கிளம்பினார். போகும்போது வெர்லாவின் தோளை ஒரு முறை தட்டினார்.

ஜானெல் வண்டியின் பின்பலகையைச் சாய்த்துச் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு, பட்டை மணக்கிற இனிப்பு ரொட்டிச் சுருள். மாட்டு வேலை நாளில் எல்லா வீட்டிலும் அதுதான். டுவைட் ரொட்டியைக் குழம்பில் தோய்த்துக்கொண்டே நோட்டை வாசித்தான்.

"வெறும் ஒம்பது. பிந்தினது ஏழு. பல்லு போனது மூணு. மடி தொங்குனது ஒன்னு. மொத்தம் இருபது! பாத்தியா, ஒன்னு கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு." விரல் விட்டு எண்ணினான். "மஞ்சள் பத்து, பச்சை பத்து. பத்துக்குப் பத்து. நியாயமாத்தான் வந்திருக்கு."

வெர்லா கரண்டியை வைத்தாள்.

"நாப்பத்தொன்னுல பத்து. பதினொன்னுல பத்து" என்றாள்.

"அது… ஆமா. ஆனா யாரோட மாடுன்னு பாத்துக்கிட்டா சினை பிடிக்குதுக்கா?"

"ஒரு மாசம் வடக்க நிறுத்தி வச்சா எங்கிருந்து பிடிக்கும்?"

டுவைட் நிஜமாகவே யோசித்தான். அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "நீதானக்கா சொன்ன, உன்னோடத அனுப்பலாம்னு. நான் ஒரு வார்த்த கேக்கலயே."

"ஒரு வருஷத்துக்குச் சொன்னேன்டா."

"அப்ப அடுத்த வருஷம் வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல? நீ சொன்னா நான் எப்பக்கா மறுத்தேன்?"

அவன் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வெர்லா குழம்பைச் சாப்பிட்டாள். ஒன்று மிச்சம் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பச்சை வில்லை எண் ஏழு, மூன்று வயது, உள்ளே பெருச்சாளி. ஒன்று நின்றால் வீடு நிற்கும், புல் நிற்கும். ஏப்ரலில் அது கிடாரி போட்டால் இரண்டு. கிடாரியா காளையா என்பது பாதிக்குப் பாதி. எட்டில் ஆரம்பித்து இங்கே வந்து நிற்கிறோம் என்றாலும், ஒன்று என்பது பூஜ்யம் இல்லை.

ஜானெல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்காராமல் நின்றாள்.

"அண்ணி, ஒன்னு கேக்கணும்."

"கேளு."

"பிஸ்கட்டுக்கும் கோடு போட்டுட்டீங்க."

பிஸ்கட் பதின்மூன்று வயது மஞ்சள் வில்லை. பனிப்புயலில் தாய் செத்தபோது ஜானெல் அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் கிடத்தி, புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். இன்னும் கூப்பிட்டால் வேலிக்கு வரும்.

"அது வெறும், ஜானெல். போன வருஷமும் சுண்டெலிதான். பல்லு நாலுதான் இருக்கு."

"தெரியும் அண்ணி. எல்லாம் தெரியும். ஆனா அத அந்த லாரியில ஏத்துறத என்னால பாக்க முடியாது." அவள் கண் கலங்கிவிட்டது.

டுவைட் அக்காவைப் பார்க்கவில்லை, பட்டியைப் பார்த்தான். "அத விட்ருவம்க்கா. ஒரு கெழட்டு மாடு எவ்வளவு தின்னுடும்?"

"மத்த மாடு எவ்வளவோ அவ்வளவு."

"சரி, அப்ப அதுக்குப் பதிலா ஒன்னு. எண்ணிக்கை இருபது, அவ்வளவுதான?"

"எது?"

அவன் ரொட்டியின் கடைசித் துண்டை மென்று முடித்தான். "அப்பா வரிசைப்படி பாத்தா அடுத்து குணம்தான். உன் பச்ச ஏழு கூண்டுல என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு பாத்தல்ல? டாக்டர் முழங்கைய ஒடைச்சிருக்கும். என் முட்டியில ஒன்னு வச்சுது, இன்னும் வலிக்குது."

"அது முதல் முறையா கூண்டுக்குள்ள கை பட்டுச்சு. மூணு வயசு."

"அதான் சொல்றேன், இப்பவே இப்படின்னா. அதில்லாம ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு நீ என்னக்கா பண்ணப்போற? வீட்டப் பத்தி யோசிக்காத. நீ பாட்டுக்கு இரு. உன்ன யாரு போகச் சொல்லப் போறா?"

"ஆமா அண்ணி, நீங்க இல்லாம எங்களுக்கு இங்க என்ன ஓடும்?" என்றாள் ஜானெல், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

வெர்லா தன் தட்டைப் பின்பலகையில் வைத்தாள். 'நீ பாட்டுக்கு இரு.' நேற்றுவரை அது அவள் வீடு. இப்போது இருக்கச் சொல்கிறார்கள். இருக்கச் சொல்ல முடிந்தவர்களால் போகவும் சொல்ல முடியும், இந்த வருடம் இல்லாவிட்டால் ஜானெலின் தங்கைக்கு வீடு தேவைப்படுகிற வருடம், அன்பாக, கண்கலங்கி. காலையிலிருந்து அவள் பத்து முறை தன் மாட்டின் முதுகில் கோடு இழுத்திருந்தாள், டாக்டர் நீட்டிய பொய்யைக்கூடத் தள்ளிவிட்டு. வரிசை என்று ஒன்று இருக்கிறது, அது எல்லோருக்கும் பொது என்று நம்பித்தான் இழுத்தாள். அது அவளுடைய மாட்டுக்கு மட்டும் இருந்த வரிசை.

"குணம் கடைசி" என்றாள். அவள் குரல் அவளுக்கே அமைதியாகக் கேட்டது. "அதுக்கு முன்னாடி பல்லு இன்னும் முடியல. ஏழுக்கு மேலதான் பாத்திருக்கேன். ஆறு வயசெல்லாம் பாக்கல."

"ஆறு வயசுலயா பல்லு போகும்?"

"மணல் நக்குற வருஷத்துல போகும். ஓட்டி விடு, பாத்துடுவோம். ஆறு வயசு மஞ்சள் அஞ்சோ என்னமோ இருக்கு."

டுவைட் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்தான். பல் விஷயத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். ஐந்தும் மறுபடி சந்துக்குள் வந்தன. முதல் இரண்டையும் அவள் வாயைப் பிடித்துப் பார்த்து, "திடம்" என்று சொல்லி விட்டாள். அது உண்மை. மூன்றாவதாக வந்தது மஞ்சள் பத்தொன்பது.

மந்தையிலேயே நல்ல மாடு அது. இடுப்பு அகலம், குளம்பு நேர், நாலு காம்பும் அளவாக. நாலு வருடமும் மார்ச் நடுவுக்குள் ஈன்றது, நாலு கன்றும் சந்தையில் எடையில் முதல். இன்றைக்கும் காலையில் டாக்டர் கையை விட்டதுமே "பூனை, நல்ல கொழுத்த பூனை!" என்று சிரித்தார். அது பிறந்தபோது முன்கால் ஒன்று மடங்கி மாட்டிக்கொண்டது. உள்ளே கையை விட்டு அந்தக் காலை நேராக்கி இழுத்துப் போட்டது வெர்லாதான். டுவைட் அதைப் பற்றிப் பேசும்போது பெருமையாகத் தொண்டையைச் செருமுவான்.

அவள் கட்டை விரலைக் கடைவாயில் வைத்துத் திறந்தாள். நாக்கு வழுக்கியது, இழுத்து ஒதுக்கினாள். எட்டுப் பல். கடைசேர்ந்து, நெருக்கமாக, தந்தம்போல, ஒன்றில்கூடக் கீறல் இல்லை. இன்னும் ஆறு வருடம் தாங்குகிற வாய்.

"எப்படி?" என்றான் டுவைட், கூண்டுக்குப் பின்னாலிருந்து.

"ஓரத்துல ரெண்டு ஒடைஞ்சிருச்சு. நடுவுல ஒன்னு ஆடுது."

அவன் முன்னால் வந்தான். மாட்டின் நெற்றியைத் தொட்டான். வாயைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் எதைப் பார்ப்பது என்று அவனுக்குத் தெரியாது. அவன் பார்த்தது அக்காவின் முகத்தை.

"நெசமாவா? இதுவா? என்னோட நல்ல மாடுக்கா இது."

"தெரியும்டா."

"இந்தப் பனிக்காலம் ஓட்டிடாதா?"

"புல்லு இருந்தா ஓட்டும். குட்டைப் புல்ல இந்த வாய் அறுக்காது. மார்ச்சுல ஈனும்போது எலும்பா நிக்கும், கன்னுக்குப் பால் இருக்காது. ரெண்டும் போகும்."

சொன்ன ஒவ்வொன்றும் சரியான விவரம். பல் உடைந்த மாட்டுக்கு அப்படித்தான் நடக்கும். அவள் இதுவரை எத்தனையோ முறை இதே சொற்களில் விளக்கியிருக்கிறாள், அதனால் நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

டுவைட் மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தான். "சரி. வரிசைன்னா வரிசைதான்" என்றான். "கட்டிய இங்க குடு, இதுக்கு நான் போடுறேன்."

அவளிடமிருந்து மெழுகுக்கட்டியை வாங்கி, மஞ்சள் பத்தொன்பதின் முதுகில் அவனே சிவப்புக் கோட்டை இழுத்தான். பழக்கமில்லாத கை, கோடு கோணலாகப் போயிற்று. கூண்டு திறந்தது. மாடு அவசரமில்லாமல் இடப்பக்கப் பட்டிக்கு நடந்தது. ஜானெல் பிஸ்கட்டின் முதுகிலிருந்த கோட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குள் இருபதையும் லாரியில் ஏற்றினார்கள். பச்சை வில்லைகள் பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையில் ஏறின. வெர்லா ஒவ்வொன்றின் இடுப்பிலும் கையை வைத்துத் தள்ளிவிட்டாள். மஞ்சள் பத்தொன்பது கடைசி. கனமான மாடு, பலகை முனகியது. வலப்பக்கப் பட்டியில் முப்பத்திரண்டு நின்றன. பச்சை ஏழு ஓர் ஓரமாகத் தனியே நின்று, லாரியை நோக்கிக் கத்தியது. மஞ்சள் வில்லைகள் அதைச் சேர்க்கவும் இல்லை, துரத்தவும் இல்லை.

டுவைட் கதவைத் தாழிட்டு, ஆணியைச் செருகி, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். "நல்லவேளை நீ பாத்த. நானா இருந்தா விட்டிருப்பேன், பனியில கிடந்து செத்திருக்கும்."

"ம்."

"ஜூன்ல உன் மாட்டையும் முதல்லயே பள்ளத்துக்கு ஓட்டிடுவோம், என்ன? இனி ஒன்னுதான, இடம் இருக்கும்." அவன் அதைப் பெரிய மனதோடுதான் சொன்னான். லாரியில் ஏறிக் கண்ணாடியை இறக்கினான். "நாளைக்குக் காலைல ஏலத்துக்கு நீயும் வர்றல்ல?"

வருடா வருடம் ஏலக்கொட்டகைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். அங்கே சினை மாட்டை ஏல வட்டத்துக்குள் விடுவதற்கு முன்னால், கொட்டகை ஆள் ஒருவன் அதன் வாயைப் பிடித்துத் திறப்பான். பார்த்ததை இடுப்பில் சுண்ணக்கட்டியால் எழுதுவான், வாங்க வந்தவர்களுக்குக் கேட்கும்படி உரக்கவும் சொல்வான். அந்த ஆளுக்கு யாருடைய அக்காவையும் தெரியாது. மஞ்சள் பத்தொன்பது உள்ளே வரும்போது அவன் என்ன கத்துவான் என்று வெர்லாவுக்குத் தெரியும். பக்கத்து இருக்கையில் டுவைட் திரும்பி எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பான் என்பது மட்டும் தெரியவில்லை.

"ஆறு மணிக்குக் கெளம்பணும்" என்றான். "வர்றியா?"

"வர்றேன்" என்றாள்.

லாரி மணலில் திணறி மேடேறியது. அவள் குழாயடிக்குப் போய், விரலிடுக்கில் காய்ந்திருந்த மாட்டெச்சிலைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள்.